ரோட்டுக்கு அந்தப் பக்கம்

டாக்டரம்மா என் அண்ணனின் கீழுதட்டை விரலால் மடக்கி, ஈறு தெரியும்படி டார்ச் வெளிச்சத்தைப் பிடித்தார். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில், பேனாவால் இழுத்ததுபோல, நீலமும் கறுப்புமாக மெல்லிய கோடு ஒன்று ஓடியது. இது எவ்வளவு நாளாக இருக்கிறது என்று அவர் கேட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே வெற்றிலைக் கறையாக இருக்கும் என்றான். அவன் வெற்றிலை போடுகிறவன் அல்ல என்பது பக்கத்தில் நின்ற அண்ணிக்கும் எனக்கும் தெரியும். அண்ணியின் தோளில் பாப்பா தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார். குழந்தையை ஒருமுறை பார்த்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "நீங்க என்ன வேல செய்றீங்கன்னு மறுபடி சொல்லுங்க. இந்தத் தடவ முழுசா சொல்லுங்க," என்றார்.

புதுச்சேரி கதிர்காமத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், ஜன்னலுக்கு வெளியே ஆட்டோக்கள் ஓயாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த ஒரு அறையில் அது நடந்தது. அதுவரை நாங்கள் ஒரு சாதாரணக் குடும்பமாக இருந்தோம். அந்தக் கேள்விக்குப் பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

என் அண்ணனைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் இனி வருவதைப் படிக்கிறவர்கள் அவனைக் கெட்டவன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவன் அவன். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டு, சாரம் என்கிற எங்கள் பகுதியில், வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் சின்னதாக ஒரு கடை போட்டான். மோட்டார் காயில் கட்டுவான், மிக்சி சரிசெய்வான், கல்யாண வீடுகளுக்கு சீரியல் பல்பு போடுவான். ஒரு வருடம் புயல் அடித்துக் கம்பமெல்லாம் சாய்ந்து ஊரே நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. அதற்குப் பிறகு கொஞ்சம் வசதியுள்ளவர்கள் எல்லாம் இன்வெர்ட்டர் கேட்டு அவனைத் தேடி வந்தார்கள். எங்கள் தெருவில் முதலில் வாங்கியது சொல்தா வீட்டில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அந்த நாட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் விளக்கு எரிவதைப் பார்த்த அந்தப் பெரியவர் எழுந்து நின்று 'மெர்சி, மெர்சி' என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக் கையைப் பிடித்துக் குலுக்கியதை அண்ணன் வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினான். அம்மா அன்று ரொம்ப நேரம் சிரித்தாள்.

பின்னால் சோலார் வந்தது. பள்ளிக்கூட மாடியில், அலுவலக மாடியில், தெருமுனைகளில் நீலப் பலகைகள் ஏறின. அண்ணன் பலதுக்கும் சப்-காண்ட்ராக்ட் எடுத்துப் போய்ப் பூட்டிக் கொடுத்தான். வெயில் சும்மா வருகிறது, புகை இல்லை, சத்தம் இல்லை, இதைவிடச் சுத்தமான தொழில் உண்டா என்று கேட்பான். அதை அவன் மனசாரத்தான் நம்பினான். நானும் நம்பினேன். இன்றைக்கும் அந்தப் பலகைகள் மேல் எனக்குக் கோபம் கிடையாது.

பலகை பல வருடம் உழைக்கும். அதோடு வைக்கிற பேட்டரி உழைக்காது. சில வருடத்தில் தண்ணீர் வற்றி, உப்பி, செத்துப்போகும். அந்தச் செத்த பேட்டரிகள் எல்லாம் அண்ணனின் கடைக்கே திரும்பி வந்தன. சட்டம் இதைப் பற்றியும் யோசித்துத்தான் வைத்திருக்கிறது. செய்து விற்ற கம்பெனி பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்கென்று அனுமதி பெற்ற தொழிற்சாலையில்தான் உருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆனால் கம்பெனி லாரி பெரிய கடைகளோடு நின்றுவிடும். அண்ணனின் கடைக்கு வந்ததெல்லாம் காயலான் கடைக்காரர்கள்தான். அவர்களில் ஒருவர்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார், பேட்டரியாக விற்பதைவிட உள்ளே இருக்கிற ஈயத்தை உருக்கிக் கட்டியாக விற்றால் நல்லது என்று. ஊருக்கு மேற்கே, வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில், தகரம் போட்ட ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்தான். நாங்கள் அதைப் பட்டறை என்று சொன்னோம்.

ஒரு மதியம் அண்ணியோடு சாப்பாடு கொண்டுபோனபோது அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்தேன். ஒருவர் கொடுவாளால் பேட்டரியின் மண்டையைப் பிளந்து ஆசிட்டைத் தரையில் கவிழ்த்தார். இன்னொருவர் உள்ளே இருந்த தகடுகளை உருவி இரும்புச் சட்டியில் அடுக்கினார். கீழே நிலக்கரி எரிய, ஊதுகுழல் மோட்டார் இரைந்தது. தகடு உருகி, மேலே திரண்ட கசடை வாரிக் கொட்டிய பிறகு, அடியில் கண்ணாடிபோல் பளபளத்துக்கொண்டு ஈயம் நின்றது. பார்க்க அழகாகவே இருந்தது. புகை தொண்டையில் பட்டதும் வாயில் ஒரு தித்திப்பு ஏறியது. தரை எல்லாம் சாம்பல் நிறத் தூள். கொட்டகையின் ஓரத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் நிழலில் பாப்பாவை இறக்கிவிட்டு அண்ணி சோறு பரிமாறினாள். குழந்தை அந்தத் தூளைக் கூட்டிக் கூட்டி மேடு கட்டி விளையாடினாள். அண்ணி தினமும் போனாள். சூடாகச் சாப்பிட வேண்டும் என்பான் அண்ணன்.

அண்ணி பாகூர் பக்கத்துக்காரி. ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிற வீட்டில் பிறந்தவள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் ஒன்றை முடிவு செய்துவிட்டால் நகர்த்த முடியாது. கல்யாணமாகி வந்த புதிதில், எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் சரியில்லை என்று ஒருநாள் சொன்னாள். அம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை. மறுநாளிலிருந்து அண்ணி தெருமுனைக் குழாயில் போய்க் குடத்தில் பிடித்து வந்தாள். சண்டை போடவில்லை, விளக்கம் சொல்லவில்லை, வருடக்கணக்கில் அப்படியே செய்தாள். அவளுக்குப் பிறந்த ஒரே குழந்தைக்கு நல்ல பெயர் ஒன்று வைத்தோம், ஆனால் எங்கள் வாயில் அவள் பாப்பாதான்.

பாப்பா சீக்கிரம் பேசினாள். என்னைப் பார்த்தால் 'அத்த வந்தாச்சு' என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். பிறகு, எப்போது என்று சொல்ல முடியாமல், அந்தச் சத்தம் குறைந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள். மலம் போகாமல் தவிப்பாள். சுவர் காரையைச் சுரண்டித் தின்பாள். முகம் வெளுத்தது. தெரிந்த வார்த்தைகளே அவளிடமிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றன. அம்மா திருஷ்டி என்றாள், சுற்றிப் போட்டாள். பக்கத்துக் கிளினிக்கில் பூச்சி மருந்தும் இரும்புச் சத்து டானிக்கும் கொடுத்தார்கள். ஒருநாள் காலையில் பாப்பாவுக்கு வலிப்பு வந்தது. அப்படித்தான் கதிர்காமம் போனோம்.

அங்கிருந்த டாக்டரம்மா இளவயதுக்காரர். இரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்து, அப்பா என்ன வேலை என்று அண்ணியிடம் கேட்டார். பேட்டரிக் கடை என்றாள் அண்ணி. அவரை நாளைக்குக் கூட்டி வாருங்கள் என்றார். அதன் பிறகுதான் அந்த உதடும் டார்ச் வெளிச்சமும். இரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தபோது அண்ணன் வரவில்லை. நானும் அண்ணியும்தான் உட்கார்ந்திருந்தோம். குழந்தையின் உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறது, மூச்சிலும் கைவழியாக வாயிலும் போயிருக்கிறது, அப்பாவின் சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டி வீட்டுக்குள்ளும் வந்திருக்கிறது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அட்மிட் செய்து மருந்து ஏற்றினால் இரத்தத்தில் இருப்பதைக் கொஞ்சம் இறக்கலாம். எலும்பில் போய் உட்கார்ந்தது லேசில் வராது.

அண்ணி ஒன்றே ஒன்று கேட்டாள். "மறந்த பேச்செல்லாம் திரும்ப வந்துடுமா?"

கொஞ்சம் வரலாம் என்றார் டாக்டரம்மா. மூளையில் பட்ட பாதிப்பு முழுதாகத் திரும்பும் என்று தன்னால் சொல்ல முடியாது, இனிமேல் ஒரு துளிகூட உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய மருந்து என்றார். அண்ணி தலையாட்டினாள். பஸ்ஸில் வரும்போது தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்தக் கையால்தான் அண்ணனின் சட்டைகளைத் துவைத்தாள், அதே கையால்தான் பாப்பாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். ஏன் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

அண்ணன் பயந்துதான் போனான். அழுதான்கூட. பட்டறையிலேயே குளித்துவிட்டு வருகிறேன், வேறு சட்டை போட்டுக்கொள்கிறேன், இனிமேல் சோறு கொண்டுவர வேண்டாம் என்று அவனாகவே சொன்னான். பாப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாள்களில் அவளுக்குப் பிடித்த வறுத்த வேர்க்கடலையை வாங்கிக்கொண்டு ஓடிவருவான். ஆனால் பட்டறையை மூடுகிற பேச்சை மட்டும் எடுக்கவே விடவில்லை. பாப்பாவைத் திரும்ப அழைத்து வந்த பிறகு ஒரு மத்தியானம், நான் கூடத்தில் இருக்கும்போதே, அண்ணி அந்தப் பேச்சை எடுத்தாள். பட்டறைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களின் கிணற்றைப் பற்றிக் கேட்டாள். அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். அண்ணனுக்குக் கோபம் வந்தது.

"நா மூடிட்டா உலகத்துல பேட்டரி சாகாதா? நாளைக்கே இன்னொருத்தன் தொறப்பான்."

"தொறக்கட்டும்," என்றாள் அண்ணி. "அவன அவன் பொண்டாட்டி பாத்துக்கட்டும். எம் புருசன நாந்தான பாக்கணும்."

மூடாவிட்டால் தானே போய் எழுதிக் கொடுப்பேன் என்றும் சொன்னாள். மறைத்து எதுவும் செய்யவில்லை. அவன் நம்பவில்லை, அவ்வளவுதான். அவள் அண்ணனிடம் கோபித்துக்கொண்டு பாகூருக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வருவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அவள் மாசு விஷயங்களைக் கவனிக்கிற அலுவலகத்துக்குப் போனாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். நான் அப்போது ஒரு தனியார் கல்லூரியின் அலுவலகத்தில் வேலை பார்த்துவந்ததால் அதிகாரிகளிடம் பேசத் தெரியும் என்று நினைத்திருக்கலாம். எனக்கு ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை. நாற்காலியில் இருந்தவர், பட்டறை யாருடையது என்று தெரியுமா என்று கேட்டார். "எங்க வூட்டுக்காருதுதான் சார்," என்றாள் அண்ணி. அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தேகம். குடும்பச் சண்டையில் புருஷனை மாட்டிவிட வந்தவள் என்று எண்ணியிருப்பார். அண்ணி பாப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவர் படித்தார். உட்காரச் சொன்னார். பிறகு மரியாதையாகவே நடந்துகொண்டார்.

அவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், மண்ணும் தண்ணீரும் எடுத்துப் போனார்கள். பட்டறையின் மின்சாரத்தைத் துண்டித்துக் கதவுக்குச் சீல் வைத்தார்கள்.

அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு இரண்டாகிவிட்டது. அண்ணி சமைத்ததை அம்மா தொடவில்லை. தெருவில் அவளுக்குப் 'புருசனப் புடிச்சிக் குடுத்தவ' என்று பெயர் வந்தது. தண்ணீர்க் குழாயில் அவள் குடத்தை வைத்தால் பேச்சு நின்றுபோகும். அண்ணன் பாயைச் சுருட்டிக்கொண்டு கடைக்கே போய்விட்டான். அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பாப்பாவை மட்டும் கடைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்புவான். அண்ணி அனுப்பமாட்டாள். கடையில் பழைய பேட்டரி இருக்கிற வரைக்கும் குழந்தை வராது, வேண்டுமென்றால் அவர் வந்து பார்க்கட்டும் என்பாள். அவன் வரவில்லை. பாகூரிலிருந்து அவளுடைய அப்பா வந்து, கூட வந்துவிடு என்று கூப்பிட்டார். அவள் போகவில்லை. மாடியில் இருந்த ஒற்றை அறையில் பாப்பாவோடு இருந்துகொண்டு, ஒரு பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

சில மாதங்களில் பட்டறை திரும்ப எரிய ஆரம்பித்தது. அதே சட்டி, அதே ஆட்கள். இடம்தான் மாறியிருந்தது, அதுவும் ஒரு ரோட்டைத் தாண்டி. எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. போகிற வழியில் ஒரு தெரு நம்முடையதாக இருக்கும், அடுத்த தெரு தமிழ்நாட்டுக்குப் போய்விடும், கொஞ்ச தூரத்தில் மறுபடியும் நம் ஊர் வரும். இங்கிலீஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் என்றோ பிரித்துக்கொண்ட கோடுகள். அவர்கள் போன பிறகும் கோடுகள் அப்படியே இருக்கின்றன. சீல் வைத்த கொட்டகை ரோட்டுக்கு இந்தப் பக்கம். புதுக் கொட்டகை ரோட்டுக்கு அந்தப் பக்கம். நின்று கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

அண்ணி மறுபடியும் அலுவலகத்துக்குப் போனாள். அதே அதிகாரிதான் இருந்தார். அவர் எழுந்து சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டினார். "இந்த ரோடு வரைக்கும்தாம்மா எங்களுக்கு. அந்தப் பக்கம் நாங்க கால வெக்க முடியாது." அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதுவதாகச் சொன்னார், எழுதவும் செய்தார். அண்ணி பஸ் பிடித்து அந்தப் பக்கத்து அலுவலகத்துக்கும் போனாள். உரிமையாளர் புதுச்சேரிக்காரர், நீங்களும் புதுச்சேரி, முதலில் அங்கே சொல்லுங்கள் என்றார்கள் அங்கே. ஒருமுறை பார்க்க வந்தார்கள், அன்றைக்கு உலை அணைந்திருந்தது. யாரோ முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று எழும்பும்போது அந்தப் புகை ரோட்டைக் கடந்து இந்தப் பக்கத்து வீடுகளின் மேல்தான் இறங்கும். வாய் தித்திக்கிறது என்று அங்கே இருப்பவர்கள் சொல்வார்கள்.

அலுவலகங்களில் ஒன்றும் நடக்காது என்று தெரிந்த பிறகு அண்ணி நேராகப் பட்டறைக்கே போனாள். உரிமையாளரின் மனைவி என்பதால் வாசலில் யாரும் தடுக்கவில்லை. அண்ணன் இல்லாத நேரம். அங்கே வேலை செய்தவர்கள் வெளியூர்க் குடும்பங்கள், கொட்டகையை ஒட்டியே படுதா கட்டிக் குடியிருந்தார்கள். பிள்ளைகள் கசடு மேட்டில் சறுக்கி விளையாடினார்கள். பெண்கள் பிளந்த பேட்டரியின் பிளாஸ்டிக் பெட்டிகளைக் கழுவி அவற்றில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். அண்ணி அவர்களிடம் பாப்பாவைப் பற்றிச் சொன்னாள். வலிப்பைப் பற்றி, காரை தின்றதைப் பற்றி, பேச்சு போனதைப் பற்றி. எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கடைசியில் ஒரு பெண், கைக்குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, "உனுக்கு வூடு இருக்குது, வந்து சொல்ற. நாங்க எங்க போறது சொல்லு," என்றாள். அண்ணி வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொன்னபோது, அந்தப் பெண் கேட்டது சரிதான் என்றாள். சரிதான் என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள்.

அண்ணனின் கை விழுந்தது ஒரு சித்திரை மாதம். கடையின் ஷட்டரைத் தூக்கக் குனிந்தவனால் பிடிக்க முடியவில்லை. மணிக்கட்டு மடங்கித் தொங்கியது. விரல்கள் இருந்தன, அசைந்தன, ஆனால் கையை நிமிர்த்த முடியவில்லை. மின்சாரக் கம்பிகளை மயிரிழையாக முறுக்கிச் சேர்த்த கை அது. கூடவே முகம் ஊதியது, சிறுநீர் குறைந்தது. சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன என்றார்கள். செய்தி தெரிந்ததும் அண்ணி ஆட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவள் முன்னால் வர, அவன் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் வந்தான். வாசலிலேயே அவனை நிறுத்தி, போட்டிருந்த சட்டையைக் கழற்றச் சொல்லி, தலையோடு தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் குளிப்பாட்டிய பிறகுதான் உள்ளே விட்டாள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு இரவு அவள் அண்ணி சமைத்ததைச் சாப்பிட்டாள்.

பட்டறை, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனதிலிருந்து அண்ணனோடு பணம் போட்டிருந்த கூட்டாளியின் கைக்குப் போனது. அண்ணன் டயாலிசிஸுக்கும் வீட்டுக்குமாக அலைந்தான். அண்ணி அவனுக்குச் சோறு ஊட்டினாள், சவரம் செய்துவிட்டாள், லுங்கி கட்டிவிட்டாள். அவன் அவளிடம் மன்னிப்புக் கேட்டான் என்று எழுத எனக்கு ஆசைதான். கேட்கவில்லை. பாப்பா அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள், தன்னைவிட வயதில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து. மாலையில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். ஒரு வரி முடிவதற்குள் முதல் வார்த்தை மறந்துபோகும், திரும்ப முதலிலிருந்து தொடங்குவாள். அவன் கண்ணை மூடிக்கொள்வான். ஒருநாள் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "ஊரே கரன்ட்டு கேட்டுச்சு. நா குடுத்தேன்," என்றான். அண்ணி அவனுடைய தொங்கிய கையை எடுத்துத் தலையணைமேல் நேராக வைத்தாள். அடுத்த தை பிறப்பதற்குள் அவன் போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணி திரும்பவும் கதிர்காமம் போய் அந்த டாக்டரம்மாவைப் பார்த்தாள். பட்டறைப் பிள்ளைகளுக்கு இரத்தம் பார்க்க முடியுமா என்று கேட்டாள். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் சொந்த நேரத்தில், இரண்டு நர்ஸ்களோடு வர ஒப்புக்கொண்டார். அம்மாக்களைச் சம்மதிக்க வைப்பதற்கு அண்ணி எத்தனை முறை நடந்தாள் என்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். 'எங்க போறது' என்று கேட்ட பெண்தான் முதலில் தன் குழந்தையைக் கொண்டுவந்து உட்காரவைத்தாள். ரோட்டோரப் புளியமரத்தடியில், ரோட்டுக்கு இந்தப் பக்கமாகப் பார்த்து, ஒரு பெஞ்சு போட்டார்கள். ஊசியைப் பார்த்து அழுத பிள்ளைகளுக்கு அண்ணி பிஸ்கட் கொடுத்தாள். கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றின் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள்.

முடிவுகள் வந்தபோது டாக்டரம்மா அண்ணியைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு பிள்ளைகூடத் தப்பவில்லை. சிலருக்கு உடனே அட்மிட் செய்ய வேண்டும், இன்றைக்கே கூட்டி வாருங்கள், படுக்கைக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றார். அண்ணி அங்கிருந்தே எனக்குப் போன் செய்தாள். நான் கல்லூரியில் சொல்லிவிட்டு வந்து, இருவரும் வேன் ஒன்று பேசிக்கொண்டு போனோம்.

அங்கே யாரும் இல்லை. தகரத்தைக்கூடப் பிரித்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். படுதா கட்டியிருந்த குச்சிகள் மட்டும் நின்றன. யாரோ வந்து பிள்ளைகளுக்கு இரத்தம் எடுத்துப் போனது கூட்டாளியின் காதுக்குப் போய், அவன் அன்றைக்கே எல்லோரையும் லாரியில் ஏற்றிவிட்டான் என்று டீக்கடைக்காரர் சொன்னார். எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. உளுந்தூர்பேட்டைக்கு அந்தாண்டை என்றார் ஒருவர், ஆந்திரா பக்கம் என்றார் இன்னொருவர். அண்ணி கசடு மேட்டின் அருகில் ஒரு பிளாஸ்டிக் செருப்பைக் கண்டு எடுத்தாள், சின்னப் பிள்ளையின் ஒற்றைச் செருப்பு. எந்தப் பிள்ளையுடையது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வேன்காரர் ஹாரன் அடிக்கும்வரை அதை வைத்துக்கொண்டு நின்றாள். வலிப்பு வந்தால் எங்கே போக வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்றுகூட அந்தப் பெண்களுக்கு இன்னும் சொல்லித் தரவில்லையே என்றாள். அதன் பிறகு பல மாதம், பேட்டரி உருக்குகிற இடம் என்று யாராவது ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னால் பஸ் ஏறிவிடுவாள். வேறு பட்டறைகளைப் பார்த்தாள். வேறு பிள்ளைகளைப் பார்த்தாள். அவர்களைப் பார்க்கவில்லை.

இன்று எங்கள் கல்லூரி மாடி முழுக்க சோலார் பலகைகள் இருக்கின்றன. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டி, மரக்கன்று நட்டு, சுத்தமான எதிர்காலம் பற்றிப் பேசினார்கள். நான்தான் மேடைக்குப் பூங்கொத்துகளை ஏற்பாடு செய்தேன். இப்போது வருகிற பேட்டரி வேறு வகை, ஈயம் இல்லாதது என்றார் பூட்ட வந்த இளைஞர். இது செத்தால் எங்கே போகும் என்று அவரிடம் கேட்டேன். அதற்கெல்லாம் ஆள் இருக்காங்க மேடம் என்றார். பாப்பாவுக்குக் கல்யாண வயது ஆகிவிட்டது. ஒரு தையல் கடையில் பட்டன் தைக்கிறாள். நல்ல சுபாவம், எல்லோரையும் பார்த்துச் சிரிப்பாள். பஸ் நம்பர் படிக்க மட்டும் அவளுக்கு நேரமாகும். படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அதனால் அண்ணிதான் தினமும் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருகிறாள். தனக்குப் பிறகு இவளை யார் கூட்டி வருவார்கள் என்று ஒரே ஒருமுறை என்னிடம் கேட்டிருக்கிறாள்.

போன மாசியில் மூவரும் ஒரு உறவினர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அந்த ரோடு வழியாக வந்தோம். அந்தப் பக்கத்தில், பட்டறை இருந்த இடமெல்லாம் சமப்படுத்தப்பட்டு, மனைப்பிரிவு போட்டு, மஞ்சளும் சிவப்புமாகக் கொடிகள் பறந்தன. மேலே செம்மண் கொட்டியிருந்தார்கள். மழை அரித்த இடங்களில் அடியிலிருந்த சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. அண்ணி ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். நுழைவாயிலில் பெரிய பலகை இருந்தது. பாப்பா அதன் முன்னால் நின்று எழுத்துக்கூட்டத் தொடங்கினாள். சோ, லா, ர் என்று நிறுத்தினாள். திரும்ப முதலிலிருந்து தொடங்கி, சோலார் விளக்கு வசதியுடன் என்று முடித்துவிட்டு, சரியா என்று என்னைப் பார்த்தாள். சரி என்றேன்.

உள்ளே ஒரு குடும்பம் மனை பார்க்க வந்திருந்தது. கணவர் விற்பனைக்காரரிடம் தண்ணீர் எத்தனை அடியில் வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். அவர்களுடைய குழந்தை, நடக்கப் பழகிய வயது, அரித்த இடத்தில் குந்தி இரண்டு கையாலும் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. அண்ணி விறுவிறுவென்று போனாள். கேட்கவில்லை, கூப்பிடவில்லை, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் திடுக்கிட்டு ஓடிவந்து, யார் நீங்கள், ஏன் குழந்தையைத் தூக்குகிறீர்கள் என்று கேட்டாள்.

"இந்த மண்ணு வேணாம்மா," என்றாள் அண்ணி. "இங்க வாங்காதீங்க."

விற்பனைக்காரர் குடையை மடக்கிக்கொண்டு எங்களைப் பார்த்து வர ஆரம்பித்தார். கணவர் எங்களைப் பார்த்தார், கொடிகளைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல் மறுபடியும் எங்களைப் பார்த்தார். குழந்தை அழவில்லை. மண் அள்ளிய கையை இறுக மூடி வைத்திருந்தது. அண்ணி அந்தக் கையை விரல் விரலாகப் பிரித்து, தன் புடவைத் தலைப்பால், நகத்தின் இடுக்கெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தாள், அதன் அம்மா அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போகும்வரை.